விற்கப் போகிற வீடு: சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்?

மொட்டைமாடி:
வணக்கம். வீட்டை விற்பதென்று முடிவாகிவிட்டது. நாங்கள் குடியிருந்த காலத்தில் ஆளாளுக்குப் பிடித்ததை அடித்து வைத்திருக்கிறோம். ஹாலில் ஒரு சுவர் கத்தரிப்பூ நிறம், மற்ற மூன்றும் வெளிர் ஊதா. மகன் அறை கருநீலம். சமையலறை பளீர் ஆரஞ்சு. எங்கள் படுக்கையறை மட்டும் ஏதோ ஒரு கிரீம், அது ஓரளவு சுத்தமாகவே இருக்கிறது. தரை வீடு முழுக்கச் செங்கல் நிற டைல்ஸ். அதை மாற்றுகிற உத்தேசம் இல்லை.

புரோக்கர், "கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் வெள்ளை அடியுங்கள்" என்கிறார். வீட்டம்மாவுக்கு இளஞ்சாம்பல்தான் வேண்டும். முழு வீட்டுக்கும் அடித்தே ஆக வேண்டுமா? வெள்ளை என்றால் எந்த வெள்ளை? ஷேட் கார்டில் வெள்ளை மட்டுமே ஒரு பக்கத்துக்கு இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏணிக்காரர்:
கலரை அப்புறம் பார்க்கலாம், முதலில் தரையைப் பாருங்கள். பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், விற்கிற வீட்டுக்குக் கலர் தேர்வு செய்யும்போது உங்கள் விருப்பமும் கணக்கில் வராது, வாங்குபவர் விருப்பமும் உங்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: மாறாமல் அங்கேயே இருக்கப் போகிற பொருள்கள். தரை, சமையல் மேடைக் கல், குளியலறை டைல்ஸ், மர அலமாரி. சுவர் அவற்றுக்குத் தோதாக அமைந்தால் வீடு சரியாகத் தெரியும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் ஏதோ இடிக்கும். என்னவென்று பார்ப்பவருக்குச் சொல்லவும் தெரியாது.

உங்கள் தரை செங்கல் நிறம். அதை ஒட்டிய சுவரில் நீலச் சாயல் சாம்பலை அடித்தால் தரை இன்னும் சிவக்கும், சுவர் இன்னும் நீலமாகும். வீட்டம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

வெள்ளையிலும் இளஞ்சிவப்புச் சாயல் உள்ளதை எடுக்காதீர்கள். வெயில் தரையில் பட்டுத் தெறித்தால் சுவரின் கீழ்ப்பாதி தானாகவே சிவந்து தெரியும், அதோடு இதுவும் சேர்ந்தால் அறையே ரோஜாப்பூ ஆகிவிடும். லேசான மஞ்சளும் ஒரு துளி சாம்பலும் கலந்த வெள்ளையே உங்களுக்குப் பொருந்தும்.

திண்ணைவாசி:
எனக்கு இதெல்லாம் வீண் வேலையாகப் படுகிறது. வாங்குபவர் சாவி கைக்கு வந்த மறுநாளே தனக்குப் பிடித்ததை அடிக்கப் போகிறார். அந்தக் காசை விலையில் கழித்துக் கொடுத்தால் போச்சு.

வீடுதேடி:
@திண்ணைவாசி, வாங்குகிற பக்கம் நின்று அலைந்தவள் நான். நீங்கள் சொல்கிற கழிவு காகிதத்தில்தான் சரியாக வரும். விற்பவர் பெயிண்ட் செலவை மட்டும் கழிப்பார். வாங்குபவர் மனதில் ஓடுகிற கணக்கு வேறு: ஆள் தேட வேண்டும், சாமான்களை இறக்குவதற்கு முன்பே முடிக்க வேண்டும், அதுவரை பழைய வீட்டில் வாடகை கட்ட வேண்டும், அப்புறம் அந்த வாசம். எல்லாவற்றையும் சேர்த்து உண்மையான செலவைவிடப் பெரிய தொகையைக் கழிக்கச் சொல்வார். நானும் அப்படித்தான் கேட்டேன்.

இன்னொன்று. வீடு பார்க்கப் போகிறவர் கண்ணுக்குக் கலரைவிட முன்னால் படுவது அழுக்கு. சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் பட்ட கறுப்பு. சோபாவின் முதுகு உரசி உரசி இடுப்பு உயரத்தில் ஒரு பட்டை. படம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் பழைய கலர் சதுரமாகப் பளிச்சென்று இருக்கும், அதன் நடுவே ஓர் ஆணி ஓட்டை. இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, "இதையே கவனிக்காதவர்கள் தண்ணீர்க் குழாயையும் ஒயரிங்கையும் எங்கே கவனித்திருக்கப் போகிறார்கள்?" நியாயமில்லாத முடிவுதான். ஆனால் வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் அந்த முடிவுக்கு வந்திருப்பேன்.

மொட்டைமாடி:
சரி, அப்படியானால் எல்லா அறைக்கும் அடித்துவிட வேண்டியதுதானா?

ஏணிக்காரர்:
தேவையில்லை. வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற சுவர்கள் முதலில். அப்புறம் ஹால், கருநீல அறை, ஆரஞ்சு சமையலறை. கிரீம் படுக்கையறையில் ஈரத்துணியும் மிதமான சோப்புத் தண்ணீரும் வைத்து ஓரிடத்தில் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். அழுக்கு போய்ச் சுவர் சீராக வந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

ஆனால் ஆணி ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து அந்த இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தொட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழைய பெயிண்ட் வெளிச்சத்தில் நிறம் மாறியிருக்கும். அதே ஷேட் நம்பர், அதே கம்பெனி வாங்கினாலும் திட்டு தெரியும். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்தால்தான் தெரியாது. மூலையில் வெளிச்சம் மாறுவதால் சின்ன வித்தியாசத்தைக் கண் பிடிக்காது.

கலர்மெஷின்:
பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் டின்டிங் மெஷினில் நிற்கிறேன். "வெள்ளை வேணும்" என்று வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஏனென்றால் அடுத்த நாள் திரும்பி வந்து, "நான் கேட்டது வெள்ளை, நீங்கள் கொடுத்தது பச்சை" என்பார்கள்.

எந்த வெள்ளையிலும் ஏதோ ஒரு சாயல் ஒளிந்திருக்கும். அட்டையைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. சாதாரண பிரிண்டர் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மஞ்சளா, பச்சையா, சிவப்பா என்று உடனே தெரிந்துவிடும். அதே ஷேட் கார்டில் கீழே அடர்த்தியாக இருக்கிற கட்டத்தைப் பார்த்தாலும் குட்டு வெளிப்படும், மேலே இருக்கிற வெளிர் நிறம் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அப்புறம் எல்.ஆர்.வி. என்று ஓர் எண். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான அளவு. சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 100. பல கம்பெனிகள் அட்டையின் பின்பக்கத்திலோ தங்கள் இணையதளத்திலோ போடுகிறார்கள். விற்கிற வீட்டின் ஹாலுக்கு 70க்கு மேல், 85க்குள் இருப்பதைத் தேடுங்கள் என்பது என் கருத்து. அதற்கும் மேலே போனால் வெயில் நேராக விழுகிற அறையில் கண் கூசும். 60க்குக் கீழே போனால் சின்ன அறை அடைத்தாற்போல் இருக்கும்.

அட்டையில் பார்க்கும் கலர் சுவரில் ஏறும்போது ஒரு படி அடர்த்தியாகத்தான் தெரியும். நான்கு சுவரும் ஒன்றன் நிறத்தை மற்றொன்றின் மேல் வீசிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு ஷேடுக்கு நடுவில் தடுமாறினால் வெளிர்ந்ததை எடுங்கள்.

கடைசியாக, பழைய ஊதாச் சுவரில் நேரடியாகச் சாம்பிள் அடித்துப் பார்க்காதீர்கள். ஊதாவின் நடுவில் வைத்தால் நல்ல வெள்ளைகூட மஞ்சள் பூத்துத் தெரியும். பிரான்சில் கோபெலின் தறிக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் சரியில்லை என்ற புகாரை ஆராயப் போய் இதைத்தான் கண்டுபிடித்தார். சாயத்தில் கோளாறு இல்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன. 1839இல் அதை விதியாகவே எழுதி வெளியிட்டார். எங்கள் கவுன்டரில் வாரந்தோறும் அந்த விதி நிரூபணமாகிறது.

மொட்டைமாடி:
அப்படியானால் சாம்பிளை எப்படித்தான் பார்ப்பது?

கலர்மெஷின்:
வெள்ளை அட்டை அல்லது பிளைவுட் துண்டு, இரண்டடிக்கு இரண்டடி. பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாத பிளைவுட் என்றால் முதலில் பிரைமர் ஒரு கோட். சாம்பிள் இரண்டு கோட், ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாக விட்டுவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே பாருங்கள், ஈரமாக இருக்கும்போது எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்ட்) வேறு நிறம் காட்டும். அட்டையை நிமிர்த்திச் சுவரோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும், மேசையில் படுக்க வைத்துப் பார்த்தால் விழுகிற வெளிச்சமே வேறு. காலை, மத்தியானம், விளக்குப் போட்ட பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். தரைக்குப் பக்கத்தில் ஒரு முறை, மேடைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முறை.

சன்னலோரம்:
திசையை யாரும் சொல்லவில்லையே. வடக்குப் பார்த்த சன்னல் உள்ள அறையில் வெளிச்சம் குளிர்ந்து நீலமாக இருக்கும், அதற்கு வெதுவெதுப்பான வெள்ளை. தெற்கு என்றால் எந்த வெள்ளையும் தாங்கும்.

ஏணிக்காரர்:
அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருப்பவர்களுக்குச் சரி. தெற்கு அரைக்கோளத்தில் அப்படியே தலைகீழ், அங்கே தெற்குச் சன்னல்தான் குளிர்ச்சி. ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நாடுகளில் சூரியன் ஆண்டில் சில மாதம் வடக்கே சாய்ந்து போகும், சில மாதம் தெற்கே. இணையத்தில் திசையை வைத்துச் சொல்கிற அறிவுரைகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. கிழக்கும் மேற்கும் எங்கும் ஒன்றுதான், காலையிலோ மாலையிலோ ஒரு வேளை மஞ்சள் வெயில் வரும். வீடு பார்க்க ஆட்கள் பெரும்பாலும் எந்த நேரத்தில் வருவார்களோ அந்த நேரத்து வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். திசைகாட்டியே வேண்டாம்.

லென்ஸ்மூடி:
விற்பனை வீடுகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஆட்கள் நேரில் வருவதற்கு முன்பே கைப்பேசியில் பார்த்துப் பாதி வீடுகளைத் தள்ளிவிடுகிறார்கள், ஆகவே சுவர் கேமராவுக்கும் பிடிக்க வேண்டும்.

கத்தரிப்பூச் சுவர் ஒன்று இருந்தால் படத்தில் அது மட்டும் கெடாது. மேல்தளம் ஊதாவாகும், வெள்ளைக் கதவு ஊதாவாகும், சோபா உறைகூட நிறம் மாறும். கேமரா அதைச் சரிசெய்யப் பார்த்து ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) எதிர்ப்பக்கம் தள்ளும், உடனே மற்ற சுவர்கள் பச்சையோ மஞ்சளோ பூசிக்கொள்ளும். பிறகு கணினியில் திருத்தினால், நேரில் வருகிறவர் "படத்தில் வேற மாதிரி இருந்ததே" என்பார்.

பல்புகளையும் மறக்காதீர்கள். ஒரே ஹாலில் ஒரு மூலையில் 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு) மஞ்சள் பல்பு, இன்னொரு மூலையில் 6500 கெல்வின் வெள்ளை டியூப். அந்த அறையில் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் இரண்டு கலராகத்தான் தெரியும். பெயிண்ட் வாங்குவதற்கு முன்பே பல்புகளை ஒரே வகைக்கு மாற்றுங்கள். 3000 முதல் 4000 கெல்வினுக்குள், டப்பாவில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் போட்டதாக வாங்குங்கள். சாம்பிள் அட்டையையும் அந்த பல்பின் கீழ் பாருங்கள். கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு ஷேட் வீட்டு விளக்கில் பிரிந்து நிற்பதுண்டு.

புள்ளிக்கணக்கு:
எல்லாரும் வெள்ளை வெள்ளை என்கிறீர்கள். அமெரிக்க வீட்டு விற்பனை இணையதளம் ஜில்லோ 2017இல் 32,000க்கும் அதிகமான படங்களை ஆராய்ந்து, குளியலறை வெளிர்நீலமாக இருந்த வீடுகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக விற்றன என்றது. 2018இல் வாசல் கதவு கறுப்பாக இருந்தவை. கலருக்கும் விலைக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வீடுதேடி:
கதவுக்குக் கறுப்பு அடித்தவர் கதவோடு நிறுத்தியிருப்பாரா? கைப்பிடி, விளக்கு, தோட்டம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவராக இருப்பார். விலை அந்த அக்கறைக்குக் கிடைத்ததா, கறுப்புக்குக் கிடைத்ததா? அதைப் படத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

கலர்மெஷின்:
அதே இணையதளம் 2024இல் ஹாலுக்கு அடர்சாம்பல் என்றது. முடிவு வருடத்துக்கு வருடம் நகர்கிறது, அதுவும் ஒரு நாட்டு வாங்குபவர்களைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு வந்து செங்கல் நிறத் தரைக்கு அடர்சாம்பல் கேட்டால் நான் கலந்து கொடுப்பேன், என் வேலை அது. ஆனால் மனசுக்குள் முனகுவேன்.

புள்ளிக்கணக்கு:
சரி, அக்கறைதான் விலை என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் எல்லா அறையும் ஒரே வெள்ளை என்றால் மருத்துவமனை மாதிரி இருக்காதா?

லென்ஸ்மூடி:
இருக்கும், சாமான் எதுவும் இல்லாமல் காலி வீடாகக் காட்டினால். காலி அறை வெறும் வெள்ளையில் படத்தில் அளவே தெரியாது, எங்கே சுவர் முடிகிறது, எங்கே மேல்தளம் தொடங்குகிறது என்று கண் தேடும். அப்படிப்பட்ட வீட்டில் சுவரை ஒரு படி இறக்கி மணல் நிறம் மாதிரி வைத்து, மேல்தளத்தையும் கதவு நிலைகளையும் வெள்ளையாக விட்டால் மூலைகள் தெளிவாகத் தெரியும். குடியிருக்கிற வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

மொட்டைமாடி:
குடியிருந்துகொண்டேதான் விற்கிறோம். இன்னொரு சிக்கல். ஹாலின் வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் பெயிண்ட் கொஞ்சம் புடைத்து, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. பட்டி வைத்து மேலே அடித்துவிட்டால் விற்கும்வரை தாங்குமா?

திண்ணைவாசி:
தாங்கும். அடித்துவிட்டு முன்னால் ஓர் அலமாரியை நகர்த்தி வையுங்கள்.

ஏணிக்காரர்:
வேண்டாம் ஐயா. ஈரம் உள்ளே இருக்கும்போது பெயிண்ட் அடித்தால் மறுபடியும் அதே இடத்தில் கொப்புளிக்கும், சில சமயம் வீடு பார்க்க வருகிற வாரத்திலேயே. பரிசோதனைக்கு ஆள் அழைத்து வருகிறவர்கள் ஈரமானி வைத்து அழுத்திப் பார்த்தால் சுவர் புதுப் பெயிண்டுக்குள் ஈரமாக இருப்பது நொடியில் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னினால் விவரமான ஆள் முதலில் அங்கேதான் தட்டிப் பார்ப்பார். தெரிந்த குறையை மறைத்து விற்பது பல நாடுகளில் வழக்கில் கொண்டுபோய் விடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: வெளியே மண் சுவரோடு உயரமாகக் குவிந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் அங்கே ஊற்றுகிறதா, சுவருக்குள் குழாய் போகிறதா. அதைச் சரிசெய்து, தளர்ந்த பூச்சைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர். காய அவகாசம் இல்லையென்றால் அந்தச் சுவரை அப்படியே காட்டி, "காரணம் இது, இதைச் சரிசெய்தாயிற்று, பெயிண்ட் பாக்கி" என்று சொல்லிவிடுங்கள். நேராகச் சொன்னதற்கு யாரும் வீட்டை வேண்டாம் என்று போனதை நான் பார்த்ததில்லை.

வீடுதேடி:
இதை ஆமோதிக்கிறேன். நகர்த்தி வைத்த அலமாரியைத்தான் முதலில் நகர்த்திப் பார்ப்போம்.

மொட்டைமாடி:
மழைநீர்க் குழாய்தான். மூட்டில் விரிசல். ஆள் சொல்லியிருக்கிறேன்.

சாம்பிள் அட்டையும் செய்து பார்த்தோம். சாம்பல் அட்டையைத் தரையோடு வைத்ததும் வீட்டம்மாவே எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார், நான் வாயே திறக்கவில்லை. மஞ்சள் சாயல் கொஞ்சம் உள்ள ஒரு வெள்ளை, எல்.ஆர்.வி. 78. ஹால், மகன் அறை இரண்டுக்கும் அதுவே. இனி கருநீலத்தையும் ஆரஞ்சையும் மூடுவது எப்படி? மேட்டா, பளபளப்பா?

ஏணிக்காரர்:
கருநீலத்துக்கு நேராக வெள்ளையை ஏற்றினால் மூன்று, நான்கு கோட் போனாலும் அடியில் நிழலாடும். நன்றாக மூடுகிற பிரைமர் ஒரு கோட், தேவைப்பட்டால் இரண்டு, அப்புறம் இரண்டு கோட் எமல்ஷன். சீரான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 சதுர மீட்டர் போகும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கடைசியில் அரை டப்பா குறைந்து வேறு நாளில் கலக்க வைத்தால் சின்ன வித்தியாசம் வரலாம். ஒரே அறைக்கு வாங்கிய டப்பாக்களை ஒரு வாளியில் ஒன்றாகக் கலந்துகொண்டு அடியுங்கள்.

சமையலறை ஆரஞ்சு எனாமலா (எண்ணெய்ப் பெயிண்ட்), எமல்ஷனா? எனாமல் என்றால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, உப்புத்தாள் போட்டு மினுமினுப்பை எடுத்து, ஒட்டும் பிரைமர் கொடுக்காமல் எமல்ஷன் அடித்தால் வெயிலில் கறுத்த தோல் மாதிரி உரிந்து வரும். வீடு பல பத்தாண்டு பழையது என்றால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் அதை 1978இல்தான் தடை செய்தார்கள். முதலில் சோதனை செய்துகொள்வது நல்லது, குழந்தைகள் இருந்தால் கட்டாயம்.

மேடு பள்ளம் உள்ள சுவருக்கு மேட். பளபளப்பு கூடக்கூடப் பட்டி பார்த்த தடமெல்லாம் சாய்வெயிலில் எழுந்து நிற்கும். சமையலறைக்கு மட்டும் துடைக்கத் தோதாக, லேசான பளபளப்புள்ள சாட்டின். மேல்தளம் சுத்த மேட். கதவு, நிலைக்குப் பளபளப்பு இருக்கலாம்.

சன்னலோரம்:
சமையலறைக்கும் அதே வெள்ளைதானா?

கலர்மெஷின்:
மேடைக் கல்லைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். கல் குளிர்ந்த சாம்பல் என்றால் ஹால் வெள்ளை அங்கே அழுக்கு மஞ்சளாகத் தெரியக்கூடும். அட்டையைக் கல்லின் மேல் நிறுத்திப் பாருங்கள். ஒத்துவந்தால் அதுவே, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது கலர் உடையாமல் இருந்தால் வீடு பெரிதாகத் தெரியும்.

மொட்டைமாடி:
கல் கறுப்பு, பழுப்புப் புள்ளிகளோடு. அட்டை ஒத்துப்போகிறது. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து ஆட்களை வரச் சொல்லலாம்?

ஏணிக்காரர்:
தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும், அடுத்த கோட்டுக்கு நான்கு மணி நேரமாவது விடுங்கள், டப்பாவில் போட்டிருப்பதே கணக்கு. முழுக்க இறுகச் சில வாரம் ஆகும், அதுவரை ஈரத்துணி போட்டுத் தேய்க்கவோ, அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ளவோ வேண்டாம். வி.ஓ.சி. (ஆவியாகி வாசம் கிளப்பும் வேதிப்பொருள்கள்) குறைந்த பெயிண்ட் எடுத்துச் சன்னல்களைத் திறந்து வைத்தால் வாசம் சீக்கிரம் அடங்கும். வாசம் இருக்கும்போது யாரையும் கூப்பிடாதீர்கள், அதை மறைக்க ஊதுபத்தி, ஸ்பிரே எதுவும் வேண்டாம். என்னத்தை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

சுவிட்ச் பிளேட்டுகளைக் கழற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், மெயினை அணைத்துவிட்டு. பிளேட் ஓரத்தில் பெயிண்ட் அப்பியிருந்தால் மொத்த வேலையும் அவசர வேலையாகத் தெரியும்.

கலர்மெஷின்:
மீதிப் பெயிண்டைப் பெரிய டப்பாவில் காற்றோடு விடாமல் சின்ன டப்பாவுக்கு மாற்றி இறுக்கி மூடுங்கள். ஷேட் நம்பர், பேஸ் (கலர் கலக்கிய அடிப்படைப் பெயிண்ட்), எந்த அறை, அடித்த மாதம் எல்லாவற்றையும் மூடியில் எழுதி வீட்டோடு விட்டுவிடுங்கள். சாமான் ஏற்றும்போது சுவரில் இடித்து வைப்பது நிச்சயம், அப்போது அது வீட்டை வாங்கினவருக்குக் கைகொடுக்கும்.